நாலு பேர் சொன்னால் நாமும் தலையாட்டுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றியிருப்பவர்கள் நம் முடிவுகளையும் கருத்துகளையும் எப்படி மாற்றுகிறார்கள் என்பது பற்றிச் சமூக உளவியலில் சுமார் 90 ஆண்டுகளாகச் சோதனைகள் நடந்துவருகின்றன. அவற்றிலிருந்து உறுதியாகத் தெரிந்தவற்றையும், வீடு, அலுவலகம், குடியிருப்போர் சங்கம் போன்ற இடங்களில் அவற்றை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதையும் இங்கே கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறோம்.

ஊரோடு ஒத்துப்போவது தவறா?

இல்லை. எல்லாரும் இடப்பக்கமாக வண்டி ஓட்டுவதால்தான் ரோட்டில் போய்வர முடிகிறது. தெரியாத ஊரில், மதியம் கூட்டம் நிற்கிற மெஸ்ஸாகப் பார்த்து நுழைவதும் நல்ல முடிவுதான். இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நாம் யாரைப் பார்த்து முடிவெடுக்கிறோமோ அவர்களுக்கே விஷயம் தெரியாமல் இருக்கும் இடம் ஒன்று. நமக்கு விஷயம் தெரிந்தும் வாயை மூடிக்கொள்ளும் இடம் மற்றொன்று.

நாம் ஏன் பிறரைப் பின்பற்றுகிறோம்?

காரணங்கள் இரண்டு. மார்ட்டன் டாய்ச்சும் ஹெரால்ட் ஜெரார்டும் 1955ல் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது, நமக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிப் பின்பற்றுவது. இரண்டாவது, நமக்குத் தெரிந்தாலும் தனித்துத் தெரியக் கூடாது, கேலிக்கு ஆளாகக் கூடாது என்று பின்பற்றுவது.

முதல் வகைக்கு நல்ல சான்று, துருக்கியில் பிறந்த முசாஃபர் ஷெரிஃப் 1935ல் வெளியிட்ட இருட்டறைச் சோதனை. கும்மிருட்டில் அசையாத ஒரு சிறு ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வது போலத் தோன்றும். எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று தனியாகக் கேட்டபோது ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். கூட்டாக உட்காரவைத்ததும் அளவுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. பிறகு தனியாகக் கேட்டாலும் கூட்டத்தில் உருவான அளவையே சொன்னார்கள். 1961ல் ஜேக்கப்ஸும் கேம்ப்பெல்லும் இதை நீட்டிப் பார்த்தார்கள். மிகைப்படுத்திச் சொல்ல ஏற்பாடு செய்த ஆட்களை முதலில் உட்காரவைத்து, ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, அந்த இடத்தில் புதியவரைச் சேர்த்தார்கள். தொடங்கிவைத்தவர்கள் எல்லாரும் போன பிறகும் அந்த மிகை அளவு நான்கைந்து தலைமுறை தாக்குப்பிடித்தது. அடிப்படையே இல்லாத ஒரு வழக்கம் "எப்பவும் இப்படித்தான் செய்வோம்" என்று எப்படி நிலைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

எந்தக் காரணத்தால் பின்பற்றுகிறோம் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "இதை யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் இதையேதான் செய்வேனா?" ஆம் என்றால் முதல் வகை, அதற்கு மருந்து கூடுதல் தகவல். இல்லை என்றால் இரண்டாம் வகை. அங்கே எவ்வளவு தகவல் கொடுத்தாலும் பயனில்லை, சூழலைத்தான் மாற்ற வேண்டும். பெரும்பாலான ஆலோசனைகள் பலிக்காமல் போவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

கோடுகளை வைத்து நடந்த ஆஷ் சோதனையில் உண்மையில் என்ன நடந்தது?

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் இருந்த சாலமன் ஆஷ் நடத்திய சோதனை இது. ஏழிலிருந்து ஒன்பது மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். இரண்டு வெள்ளை அட்டைகள் காட்டப்படும். ஒன்றில் ஒரே ஒரு செங்குத்துக் கோடு. மற்றதில் மூன்று கோடுகள், அவற்றில் ஒன்று மட்டும் முதல் அட்டையின் கோட்டுக்குச் சமம். மற்றவை முக்கால் அங்குலம் முதல் ஒன்றே முக்கால் அங்குலம் வரை வேறுபடும். எது சமம் என்று வரிசையாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூட்டத்தின் அழுத்தம் இல்லாமல் பதில் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறவிடவில்லை.

மேசையில் ஒருவர் மட்டுமே சோதிக்கப்படுபவர். மற்ற அத்தனை பேரும் ஆஷிடம் பேசிவைத்துக்கொண்டு வந்தவர்கள். இவருக்குக் கடைசியிலோ கடைசிக்கு முந்தியோதான் நாற்காலி கிடைக்கும். முதல் இரண்டு சுற்றில் எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். மூன்றாவதில் முதல் ஆள் சலனமே இல்லாமல் தவறான கோட்டைச் சொல்வார். அடுத்தவரும் அதையே சொல்வார், அதற்கடுத்தவரும் அதையே. முறை இவரிடம் வரும்போது கண் ஒன்றைக் காட்டும், காதில் வேறொன்று விழுந்திருக்கும். மொத்தம் 18 சுற்றுகளில் 12ல் இப்படி நடக்கும்.

123 பேரைச் சோதித்ததில், அந்தச் சுற்றுகளின் பதில்களில் 36.8 சதவீதம் கூட்டத்தோடு போயின. சுமார் நான்கில் ஒருவர் ஒரு தடவைகூட வளையவில்லை. இந்தச் சோதனையைச் சொல்லி "மனிதர்கள் ஆட்டுமந்தை" என்று முடிப்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பதில்கள் கண்ணுக்குத் தெரிந்ததையே சொல்லின என்பது மறுபாதி.

எங்கள் பார்வையில் இதைவிட முக்கியமானது, பின்னர் அவர்களிடம் பேசியபோது தெரியவந்தது. ஒத்துப்போனவர்களில் சிலர் தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று முடிவுகட்டியிருந்தார்கள். சிலர் சோதனையைக் கெடுத்துவிடக் கூடாது என்று சொன்னதாகக் கூறினார்கள். எத்தனை தடவை வளைந்துபோனோம் என்ற கேள்விக்கு, வளைந்தவர்கள் எல்லாருமே உண்மை எண்ணிக்கையைவிடக் குறைவாகத்தான் சொன்னார்கள். "நான் யார் பேச்சையும் கேட்கிறவன் இல்லை" என்ற நம் சொந்தச் சாட்சியத்தை அதனால் நம்ப முடியாது.

எத்தனை பேர் சேர்ந்தால் அழுத்தம் முழுமையாகிறது?

நேருக்கு நேர் என்றால் மூன்று பேர் போதும். ஆஷின் சோதனையில் எதிர்த்தரப்பில் ஒருவர் மட்டும் இருந்தபோது தவறு 3.6 சதவீதம், இருவர் இருந்தபோது 13.6, மூவர் இருந்தபோது 31.8. அதற்குமேல் 15 பேர் வரை கூட்டிப் பார்த்தும் பெரிய ஏற்றமில்லை.

தெருவில் கணக்கு வேறு. 1969ல் வெளியான ஆய்வுக்காக, நியூயார்க்கின் 42ஆம் தெருவில் ஸ்டான்லி மில்கிராமின் குழுவினர் ஆட்களை நிறுத்தி, ஒரு கட்டடத்தின் ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் நின்று பார்த்தபோது வழிப்போக்கர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். 15 பேர் நின்று பார்த்தபோது 40 சதவீதம் பேர் நின்றார்கள். அங்கே ஒவ்வொரு கூடுதல் தலையும் "அங்கே ஏதோ இருக்கிறது" என்பதற்குக் கூடுதல் சாட்சி.

நடைமுறையில், ஒரே கருத்தை மூன்று பேர் சொல்லும்போது அது மூன்று சாட்சியா, ஒன்றா என்று பாருங்கள். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் ஒரே வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசினால் சாட்சி ஒன்றுதான். "இது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?" என்று மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கூட்டத்தை எதிர்த்துத் தனியாக நிற்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

ஒரே ஒரு துணையைத் தேடுங்கள். ஆஷின் மேசையில் சரியான பதிலைச் சொல்லும் இன்னொருவர் இருந்தபோது, தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. அந்தத் துணை நம் கருத்தையே சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. அவர் வேறொரு தவறான பதிலைச் சொன்னபோதும் அழுத்தம் தளர்ந்தது. ஒருமனதான கூட்டம் என்ற தோற்றம் உடைந்தால் போதும்.

பேசிவைத்த துணை நடுவில் கட்சி மாறினால், பயன் அத்தோடு போய்விடுகிறது, தவறுகள் பழையபடி ஏறுகின்றன. அவர் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டால், அவர் கொடுத்த தைரியம் ஓரளவு நீடிக்கிறது. ஆகவே மீட்டிங்குக்கு முந்தின நாளே ஒருவரிடம் பேசி, அவர் எதுவரை உங்களோடு நிற்பார் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் பின்வாங்குகிறவரைவிட, "இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஆதரவு தருகிறேன்" என்பவர் மேல்.

நம் ஊர்க்காரர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஒத்துப்போகிறோமா?

ராட் பாண்டும் பீட்டர் ஸ்மித்தும் 1996ல், 17 நாடுகளில் ஆஷ் பாணியில் நடந்த 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குடும்பம், குழு ஆகியவற்றுக்கு முதலிடம் தரும் சமூகங்களில் ஒத்துப்போதல் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவிலேயே அது 1950களிலிருந்து குறைந்துவந்திருந்தது. இவை சராசரிகள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு தனிமனிதர் என்ன செய்வார் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

பலர் சேர்ந்து சொல்வது சரியாக இருக்காதா?

தனித்தனியாக யோசித்துச் சொன்னால் இருக்கும். 1906ல் இங்கிலாந்தின் பிளிமத்தில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையைச் சீட்டில் எழுதிக் கணிக்கும் போட்டி நடந்தது. ஃபிரான்சிஸ் கால்ட்டன் அந்த 787 சீட்டுகளையும் வாங்கி ஆராய்ந்தார். நடுமதிப்பு (கணிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது) 1,207 பவுண்டு, உண்மையான எடை 1,198. ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழை. அங்கே யாரும் யாருடைய சீட்டையும் பார்க்கவில்லை. 2011ல் சூரிச்சில் நடந்த ஒரு சோதனையில் பிறருடைய கணிப்புகளைக் காட்டிவிட்டுத் திரும்பக் கணிக்கச் சொன்னபோது, கணிப்புகள் ஒன்றையொன்று நெருங்கின. துல்லியம் கூடவில்லை, தன்னம்பிக்கை மட்டும் கூடியது. அந்த நிலைமை ஆபத்தானது.

எங்கள் சங்கக் கூட்டத்தில் முதலில் பேசுபவர் சொல்வதுதான் முடிவாகிறது. எப்படி மாற்றுவது?

இங்கே ஆட்களைத் திருத்த வேண்டியதில்லை, வரிசையைத் திருத்தினால் போதும். 40 வீடுகள் கொண்ட அடுக்ககம், மொட்டைமாடி ஒழுகலுக்கு மூன்று ஒப்பந்தக்காரர்கள் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று கொட்டேஷனையும் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே எல்லாருக்கும் அனுப்புங்கள். "கருத்துகளைக் குரூப்பில் போட வேண்டாம், கூட்டத்தில் பேசலாம்" என்று அதிலேயே எழுதுங்கள். கூட்டம் தொடங்கியதும், யாரும் வாய் திறக்கும் முன், அச்சிட்ட சிறு சீட்டு ஒன்று கொடுங்கள். யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒரு டிக், ஏன் என்று ஒரு வரி. ஐந்து நிமிடம் போதும். சீட்டுகளைக் கலக்கி ஒருவர் காரணங்களோடு உரக்கப் படிக்க, இன்னொருவர் போர்டில் எண்ணிக்கையைக் குறிக்கட்டும். விவாதத்தை மிகக் குறைந்த ஓட்டு வாங்கியவரிடமிருந்து தொடங்குங்கள், அவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் காரணம் அப்போதுதான் காதில் விழும். தலைவரும் செயலாளரும் கடைசியில் பேச வேண்டும். முடிந்ததும் மறுபடி சீட்டு ஓட்டு.

முதலில் எழுதவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. டாய்ச், ஜெரார்ட் சோதனையில் பிறர் சொல்வதைக் கேட்கும் முன்பே தன் பதிலைத் தாளில் எழுதிக்கொண்டவர்கள் மிகக் குறைவாகவே வளைந்தார்கள். எழுதியதும் அது நம் கருத்தாகிவிடுகிறது.

இது சொதப்பும் இடங்கள் நான்கு. பத்துப் பேருக்குள் இருந்தால் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், எனவே காரணத்தையும் அச்சிட்ட பட்டியலாகக் கொடுத்து (விலை, உத்தரவாதம், முன் அனுபவம், வேலை முடியும் நாள்) டிக் மட்டும் அடிக்கவையுங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பு (poll) வேண்டாம், யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று பெயரோடு உடனுக்குடன் தெரியும். முதல் ஐந்து ஓட்டுதான் மற்ற முப்பத்தைந்தையும் தீர்மானிக்கும். ஆன்லைனில்தான் நடத்த வேண்டும் என்றால் கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பையும் முடிவுச் சுருக்கம் காட்டுவதையும் அணைத்துவிட்டு அனுப்புங்கள். மூன்றாவது, கை தூக்கச் சொல்வது. நான்காவது, "என்ன, எல்லாருக்கும் சரிதானே?" என்ற கேள்வி. அதற்கு வரும் மௌனத்தைச் சம்மதமாக மினிட்ஸில் எழுதுவதால், ஆறு மாதம் கழித்து "எனக்கு அப்பவே சந்தேகம்" என்று பத்துப் பேர் சொல்வார்கள். அந்தப் பத்துப் பேரும் அன்றைக்குப் பேசியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். கேள்வியை "இதில் எங்கே கோளாறு வரலாம்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்று மாற்றுங்கள்.

பெரியவர்களிடமோ மேலதிகாரியிடமோ மறுத்துப் பேசுவது எப்படி?

எல்லார் முன்னாலும் முதல் தடவை மறுக்காதீர்கள். அவர் தன் நிலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். முன்கூட்டித் தனியாகச் சொல்லுங்கள், முடிவைத் தாக்காமல் விவரத்தைக் கேளுங்கள். "பெரியப்பா, மண்டபம் பெருசா எடுக்கணும்னு சொல்றீங்க, சரி. போன ரெண்டு கல்யாணத்துக்கும் எத்தனை இலை விழுந்துச்சுன்னு கேட்டுட்டு முடிவு பண்ணலாமா?" அலுவலகத்தில் "சார், இதுல ஒரு ரிஸ்க் தெரியுது, ரெண்டு நிமிஷம் சொல்லட்டுமா?" என்று கேட்டு, எண்ணிக்கையோடு சொல்லுங்கள். நீங்களே மூத்தவர் என்றால் உங்கள் கடமை இதைவிட எளிது. உங்கள் விருப்பத்தைக் கடைசியில் சொல்லுங்கள்.

ஆன்லைன் ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம்?

தொடக்கத்தில் விழும் சில ஓட்டுகள் பின்னால் வரும் அத்தனையையும் சாய்க்கின்றன என்று மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். 2006ல் வெளியான ஓர் ஆய்வில் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும், பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டோருக்கு இணையத்தில் கொடுத்தார்கள். கேட்க வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பதிவிறக்க எண்ணிக்கை தெரியாது. மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள், ஒவ்வொன்றிலும் அந்த உலகத்தின் எண்ணிக்கை மட்டும் தெரியும். எட்டிலும் வெவ்வேறு பாடல்கள் ஹிட் ஆயின. மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனதும், மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. இடைப்பட்டவை எங்கே வேண்டுமானாலும் போயின. 2013ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துரைகளுக்கு வெளியானவுடனே ஒரே ஒரு பொய் லைக் போட்டார்கள். அடுத்துப் படித்தவர் லைக் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது, இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது.

ஆகவே 4.3, 4.5 என்ற வேறுபாட்டைப் பெரிதாக எடுக்க வேண்டாம். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள், நிறை குறை இரண்டும் அங்கேதான் கிடைக்கும். தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் குவிந்த ஐந்து நட்சத்திரங்கள், ஒரே நீளத்தில், பொருளின் முழுப் பெயரோடு எழுதப்பட்டிருந்தால் கணக்கில் எடுக்காதீர்கள். போலி ரிவ்யூக்களுக்காகவே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது.

பொறியியல் கலந்தாய்வில் எல்லாரும் எடுக்கும் பாடத்தையே எடுக்க வேண்டுமா?

இங்கே ஒரு நுட்பமான குழப்பம் இருக்கிறது. 200க்குக் கணக்கிடும் கட் ஆஃப் மதிப்பெண்ணை (கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50) கல்லூரியின் தரமாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவு போன வருஷம் எந்த மதிப்பெண்ணோடு மூடியது என்பது, போன வருஷ மாணவர்கள் அதை எவ்வளவு விரும்பினார்கள் என்பதை மட்டுமே சொல்லும். அவர்களும் அதற்கு முந்தின வருஷத்துக் கட் ஆஃபைப் பார்த்துத்தான் விரும்பினார்கள். கிடைக்குமா என்று கணிக்க அது உதவும், வேண்டுமா என்று முடிவெடுக்க உதவாது.

செய்ய வேண்டியது: உறவினர்களிடம் கேட்கும் முன்பே மாணவர் தன் முதல் ஐந்து விருப்பங்களையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தையும் தாளில் எழுதட்டும். பெற்றோர் தனித்தாளில் எழுதட்டும். பிறகு ஒப்பிடுங்கள். அந்தப் பாடத்தின் மூன்றாம் பருவப் பாடத்திட்டத்தை எடுத்து ஒரு அலகாவது படித்துப் பாருங்கள். அந்தக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் இருவரிடம், ஒருவர் இருக்கும்போது இன்னொருவரைக் கேட்காமல், தனித்தனியாகப் பேசுங்கள். "காரணம்" என்ற இடத்தில் "எல்லாரும் எடுக்கறாங்க" என்பது மட்டும் இருந்தால் அந்த வரி இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

யாருக்குமே பிடிக்காத வழக்கம் எப்படி நீடிக்கிறது?

ஒவ்வொருவரும் "எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள்" என்று நினைப்பதால். எல்லாரும் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது, அவர்கள் மனத்தில் இருப்பது தெரிவதில்லை. கடன் வாங்கிச் செய்யும் கல்யாணச் செலவையும், 1961லேயே சட்டம் தடைசெய்த பிறகும் தொடரும் வரதட்சணையையும் பார்க்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சவுதி அரேபியாவின் ரியாத்தில் நடந்து 2020ல் வெளியான ஆய்வு ஒன்று இதைப் பளிச்சென்று காட்டியது. 18 முதல் 35 வயதுள்ள மணமான ஆண்களிடம், பெண்கள் வெளியே வேலைக்குப் போக அனுமதிக்கலாமா என்று ரகசியமாகக் கேட்டார்கள். 87 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மற்ற ஆண்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் மிகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். உண்மை எண்ணிக்கையைச் சொன்னதும், மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதிவு செய்தவர்கள் கூடினார்கள். சில மாதங்கள் கழித்து, அந்தப் பெண்களில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களும் கூடியிருந்தார்கள். யாருடைய கருத்தையும் யாரும் மாற்றவில்லை, இருந்த கருத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

எண்ணிக்கை தெரிந்தாலும் தனியாக வெளியேறுவது கடினம். சீனாவில் பெண்குழந்தைகளின் பாதங்களைக் கட்டிச் சிறிதாக்கும் கொடுமை பல நூற்றாண்டு நீடித்தது. தன் மகளுக்கு மட்டும் கட்டாமல் விட்டால் மாப்பிள்ளை கிடைக்காதே என்பதுதான் பெற்றோரின் பயம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய எதிர்ப்புச் சங்கங்கள் வாங்கிய உறுதிமொழியில் இரண்டு பாகம் இருந்தது: என் மகளுக்குப் பாதம் கட்டமாட்டேன், பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்கமாட்டேன். இரண்டாம் பாகம்தான் முதல் பாகத்தைச் சாத்தியமாக்கியது. வரதட்சணைக்கு எதிராகப் பெண் வீட்டாரிடம் மட்டும் கையெழுத்து வாங்கும் முயற்சிகளில் இல்லாதது இதுவே. பெண் வைத்திருப்பவர்களும் பையன் வைத்திருப்பவர்களும், ஒருவருக்கொருவர் சம்பந்தம் செய்துகொள்ளக்கூடிய வட்டத்துக்குள், ஒரே நாளில் பொதுவில் சொல்ல வேண்டும். அதற்கு முன் பெயரில்லாச் சீட்டில் கருத்தைக் கேட்டு எண்ணிக்கையை அறிவியுங்கள். பத்துக் குடும்பம் இருந்தாலும் தொடங்கலாம்.

நோட்டீஸ் ஒட்டியும் யாரும் கேட்பதில்லையே?

நோட்டீஸின் வாசகமே எதிர்வேலை செய்திருக்கலாம். அரிசோனாவில் கல்லாகிப் போன மரங்கள் நிறைந்த தேசியப் பூங்காவில் ராபர்ட் சியால்டினியின் குழு இரண்டு பலகைகளை ஒப்பிட்டது. முன்பு வந்த பலர் மரத்துண்டுகளை எடுத்துப்போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்ட பலகை இருந்த பாதையில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 7.92 சதவீதம் திருடுபோயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகைக்கு 1.67 சதவீதம். "பல வீடுகள் இன்னும் மெயின்டனன்ஸ் கட்டவில்லை" என்று எழுதினால், கட்டாமல் இருப்பதுதான் வழக்கம் என்று அறிவித்தது போலாகும். 40ல் 31 வீடு கட்டியிருந்தால் "31 வீடுகள் கட்டிவிட்டன" என்று எழுதுங்கள்.

பாதிக்கு மேல் கட்டவில்லை என்பதே உண்மையானால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், பொய்யும் எழுதாதீர்கள். "போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலான வீடுகள் கட்டியுள்ளன" என்று, உண்மையாக இருந்தால், போக்கைச் சொல்லலாம்.

ஒப்பீடு திரும்பித் தாக்குவதும் உண்டு. 2007ல் வெளியான ஆய்வில், கலிஃபோர்னியாவின் சான் மார்க்கோஸில் வீடுகளுக்கு அக்கம்பக்கத்துச் சராசரி மின்செலவைத் தெரிவித்தபோது, அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், குறைவாகச் செலவழித்தவர்கள் கூட்டினார்கள். சராசரிக்குக் கீழே இருந்தவர்களின் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்ததும் அந்த ஏற்றம் நின்றது. நன்றாகச் செய்பவர்களுக்குச் சராசரியை மட்டும் காட்டாதீர்கள், பாராட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

விபத்து நடந்த இடத்தில் கூட்டம் வேடிக்கை பார்ப்பது ஏன்?

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, யாரும் பதறவில்லையே என்று எல்லாரும் சும்மா நிற்பதால். 1968ல் லட்டானேயும் டார்லியும் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்த் தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாதது போல் நடிக்கும் இருவரோடு இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள்.

அடிபட்டவர் பக்கத்தில் நிற்பது நீங்கள் என்றால் "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்தாதீர்கள். ஒருவரை விரல் நீட்டிச் சொல்லுங்கள்: "நீல சட்டை அண்ணே, நீங்க 108க்கு போன் பண்ணுங்க. அக்கா, நீங்க வண்டிகளை ஒதுக்கி விடுங்க." உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் இருந்தால், 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

பதின்வயதுப் பிள்ளை நண்பர்கள் சொல்வதை மட்டும் கேட்கிறான். என்ன செய்வது?

2005ல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் மூன்று வயதுக் குழுவினரை வீடியோ விளையாட்டில் கார் ஓட்டவிட்டார்கள். 13 முதல் 16 வயதினர், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது, பெரியவர்களைவிட மிக அதிகமான ஆபத்தை எடுத்தார்கள். தனியாக இருக்கும்போது நிதானமாக யோசிக்கும் பிள்ளைதான் கூட்டத்தில் அப்படிச் செய்கிறது, எனவே வீட்டில் உட்காரவைத்து அறிவுரை சொன்னால் போதாது. சூழலிலிருந்து வெளியே வர வழி செய்துகொடுங்கள். உங்களுக்குள் ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். அவன் அதை மெசேஜ் அனுப்பினால், நீங்கள் உடனே போன் செய்து "அவசரம், வீட்டுக்கு வா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பழியை உங்கள்மேல் போட்டுவிட்டு அவன் கிளம்பலாம். வீடு வந்ததும் அன்றிரவு குறுக்கு விசாரணை கூடாது. கேட்டால் அடுத்த முறை அந்த மெசேஜ் வராது.

தேர்தல் நேரத்தில் கருத்துக்கணிப்புக்கு ஏன் கட்டுப்பாடு?

ஜெயிக்கிற பக்கம் சாய்வது என்ற ஈர்ப்பைக் குறைக்க. இந்தியாவில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணிநேரத்தில் தொலைக்காட்சி போன்ற ஊடகங்களில் கருத்துக்கணிப்புகளைக் காட்டக் கூடாது. வாக்குச்சாவடிக்கு வெளியே எடுக்கும் கணிப்புக்கு 126ஏ பிரிவு தனியாகத் தடை விதிக்கிறது.

சிறுபான்மையாக இருப்பவர் பெரும்பான்மையை மாற்ற முடியுமா?

முடியும், மெதுவாக. 1969ல் வெளியான செர்ஜ் மாஸ்கோவிசியின் சோதனையில் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு நீல நிறப் படங்கள் 36 காட்டப்பட்டன. அதில் இருவர் பேசிவைத்து "பச்சை" என்றார்கள். 36 தடவையும் மாறாமல் பச்சை என்று சொன்னபோது மற்றவர்களின் பதில்களில் 8.42 சதவீதம் பச்சைக்கு மாறின. 24 தடவை மட்டும் சொன்னபோது 1.25 சதவீதம்தான். கண்ணெதிரே பொய்யான ஒரு கருத்துக்கே உறுதி இவ்வளவு தருகிறது. உங்கள் கருத்து சரியானது, ஆதாரமும் இருக்கிறது என்றால் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

ஒவ்வொரு கூட்டத்திலும் அதே ஒரு கோரிக்கையை, அதே வார்த்தைகளில், கோபமில்லாமல் வையுங்கள். கூட்டத்துக்குக் கூட்டம் புதுப் புதுக் குறைகளைச் சேர்த்தால் "இவருக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு" என்று ஒதுக்கிவிடுவார்கள். மற்ற விஷயங்களில் விட்டுக்கொடுங்கள், பிடிவாதக்காரர் என்ற பெயர் வராது. மினிட்ஸில் உங்கள் கோரிக்கையும் அதற்கு வந்த பதிலும் பதிவாகும்படி ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது "நீங்க சொன்னது சரிதான் சார், அங்க பேச முடியல" என்று யாராவது சொன்னால், அடுத்த கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி அவரை அங்கேயே கேட்டுவிடுங்கள்.